எழுபது வேலைநாள்களும் ஒரு பால் அட்டையும்

2021 அக்டோபர் 18, திங்கட்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஓர் உதவிபெறும் நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் லிங்கேஸ்வரன், கணித ஆசிரியை சாராளின் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார். 'ஜூன் 21 முதல் செப்டம்பர் 30 வரையிலான எழுபது வேலைநாள்களில் எட்டாம் வகுப்புக்கு இணையவழிக் கற்பித்தல் எதுவும் செய்யவில்லை.' இதுவே குற்றம். குற்றம் செய்தவர் யார் என்பதில்தான் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு.

அந்த வரிக்குக் கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிச் சாராள் கையெழுத்திட வேண்டும். அவர் 'படித்தேன்' என்பதோடு நிறுத்தி, முற்றுப்புள்ளி வைத்து, நேரத்தைக் குறித்துவிட்டுப் பேனாவை மூடினார். லிங்கேஸ்வரன் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பணிமூப்புப்படி அந்த நாற்காலி சாராளுக்கு உரியது. பதிவேட்டில் சிவப்பு வரி நிலைத்துவிட்டால் நாற்காலி அடுத்த இடத்தில் இருக்கும் அறிவியல் ஆசிரியர் சுரேஷ்கண்ணனுக்குப் போகும். சுரேஷ்கண்ணன் தலைமையாசிரியரின் தங்கை மகளை மணந்தவர் என்பது இந்த விவகாரத்துக்குத் தொடர்பற்ற செய்தி என்று விசாரணை அறிக்கையிலேயே எழுதப்பட்டிருப்பதால், இங்கும் அது ஒரு முறை மட்டும் சொல்லப்படுகிறது.

சாராள் போடியில் பாத்திரக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். ரசீது இல்லாமல் ஒரு கரண்டியும் வெளியே போகாத கடை அது. அந்தப் பழக்கத்தில், இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பணி நியமன ஆணையை வாங்கப் போன பேருந்துச் சீட்டையும் அந்த ஆணையோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார். தட்டச்சோ கணினியோ யாரிடமும் போய்க் கற்றவர் அல்லர். இயந்திரத்தோடு வரும் குறிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, அதில் பிழை கண்டால் பென்சிலால் திருத்தி, பிறகுதான் மின்பொத்தானைத் தொடுவார். பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் பள்ளிகள் மூடியே கிடக்க, இணைய வழியில் பாடம் நடத்தும்படி உத்தரவு வந்தபோது, காணொளி வகுப்பு நடத்தும் முறையையும் அப்படித்தான் இரண்டு நாளில் கற்றுக்கொண்டார்.

ஜூன் 14 அன்று காலை பத்து மணிக்கு, ஆளில்லாத எட்டாம் வகுப்பறையில் கரும்பலகைக்கு எதிரே கைபேசியை நிறுத்தி அவர் தொடங்கிய முதல் வகுப்புக்கு நாற்பத்தொரு பேரில் நான்கு பேர் வந்தார்கள். திரையின் ஒரு கட்டத்தில் மின்விசிறி தெரிந்தது. இன்னொன்றில் ஒரு பசுவின் விலாப்புறம் தெரிந்தது. அது அவ்வப்போது மூச்சு வாங்கியது. மூன்றாவது கைபேசி மலைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, கேரளத்துக்குள் நல்வரவு என்று செய்தி காட்டிவிட்டு அணைந்தது. நான்காவதாகத் தெரிந்தது திரிஷாவின் மூக்கு.

"டீச்சர், ஒங்க குரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது."

"நீ எங்கன இருந்து பேசுற?"

"புளியமரத்துல, டீச்சர்."

"மரத்தடியிலயா?"

"இல்ல டீச்சர், மேல. கீழ டவர் கெடைக்காது."

சாராள் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "போன இடுப்புல சொருகு. கீழ பாக்காத. எடது கால மொதல்ல எறக்கு."

அன்று அந்த வகுப்பில் நடந்த பாடம், மரத்திலிருந்து இறங்குவது எப்படி என்பது மட்டுமே. மற்ற நான்கு நாள்களும் இதைவிட மேலானவை அல்ல. அந்த ஐந்து நாள்களுக்கும் திரைப்பிடிப்பு, அதாவது ஸ்கிரீன்ஷாட், இருந்தபடியால், 'கற்பித்தல் சிறப்பாக நடைபெற்றது' என்று பதிவேட்டில் கறுப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் சாராள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் போட்டு, நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் நின்றார். வாசலைத் தாண்டவில்லை. நாற்பது பக்க நோட்டில் ஓர் அட்டவணை போட்டிருந்தார். தொடுதிரைக் கைபேசி உள்ள வீடுகள் பன்னிரண்டு. பொத்தான் கைபேசி உள்ளவை இருபத்து மூன்று. எதுவும் இல்லாதவை ஆறு. கடைசிக் கட்டத்துக்கு அவர் கொடுத்திருந்த தலைப்பு: 'இந்த வீட்டிலிருந்து நாள் தவறாமல் வெளியே போய்த் திரும்பி வருவது எது?' அந்தக் கட்டத்தில் முப்பத்தொன்பது வீடுகளுக்கு ஒரே விடை வந்தது. பால்.

ஊரடங்கில் பேருந்து நின்றது, சந்தை நின்றது, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாள்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் நின்றன. பால் மட்டும் நிற்கவில்லை. காலை ஆறரைக்கும் மாலை மூன்றரைக்கும் அது சொசைட்டிக்குப் போனது. காலி கேனும் பால் அட்டையும் வீடு திரும்பின. அட்டையில் தேதி, காலை லிட்டர், மாலை லிட்டர், டிகிரி என்று கட்டங்கள். பாலில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அதன் தரத்தைப் பார்க்கும் அளவுக்கு ஊரில் டிகிரி என்று பெயர். கடைசிக் கட்டம் 'குறிப்பு'. சொசைட்டி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதியதில்லை. சாராளின் கண் அதில் விழுந்தது.

சொசைட்டிச் செயலாளர் கருத்தக்கண்ணனிடம் அவர் விண்ணப்பம் எழுதியே கொடுத்தார். கருத்தக்கண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"பால்ல தண்ணிதேன் கலப்பாக. நீங்க கணக்கக் கலக்கப் போறீகளாக்கும்?"

"காலையில அட்டையோட விடைத்தாள் வரும். நீங்க வாங்கி இந்தப் பெட்டியில போடணும். குறிப்புக் கட்டத்துல ஒரு சீல் வைக்கணும். சாயந்தரம் அடுத்த கேள்வித்தாளக் குடுக்கணும். அம்புட்டுத்தேன்."

"சீல் எதுக்கு டீச்சர்? நான் வாங்குனா வாங்குனதுதான."

"நாளைக்கு ஒருத்தர் கேப்பாக."

"யாரு கேப்பாக?"

"தெரியல. ஆனா கேப்பாக."

கருத்தக்கண்ணன் விண்ணப்பத்தின் கீழ் 'அனுமதி' என்று எழுதி, பசுமாட்டுப் படம் போட்ட வட்ட முத்திரையைக் குத்திக் கொடுத்தார். மாடில்லாத இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் தாள்களை அடுத்த வீட்டுப் பால் கொண்டு வந்தது.

கார்பன் தாள் வைத்து ஒரு நேரத்தில் நான்கு படிகள் வீதம் கேள்வித்தாள்களைச் சாராள் கையாலேயே எழுதினார். வரும் விடைத்தாள்களை நோய் தொற்றாமலிருக்க ஒரு நாள் முழுவதும் துணிக்கொடியில் கிளிப்பு மாட்டி வெயிலில் காயவிட்டு, பிறகு திருத்தினார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவற்றை இஸ்திரி போட்டார். தேவாரத்தில் அவர் வீட்டு மாடியைப் பார்த்த அக்கம்பக்கத்தார், டீச்சர் புடவை குறைந்துபோய்த் தாள் கட்டத் தொடங்கிவிட்டாரோ என்று பேசிக்கொண்டார்கள். திருத்திய தாள் வரிசை எண் பெற்றுப் பாலோடு திரும்பிப் போகும். பிழை இருந்தால் பிள்ளை அதைச் சரிசெய்து, இல்லையென்றால் அப்படியே, திருப்பி அனுப்பினால் கட்டில் சேரும். எழுபது நாளில் வரிசை எண் பெற்றவை இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. கட்டில் இருந்தவை இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று. அந்த ஒரு தாளைப் பற்றிப் பிறகு சொல்லப்படும்.

இதே காலத்தில் பள்ளியில் வேறொரு முறை நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாட்ஸ்அப் எண் தர வேண்டும் என்பது உத்தரவு. கைபேசி இல்லாத வீட்டார் உத்தரவை மீறவில்லை. இருக்கிற சொந்தக்காரர் எண்ணைக் கொடுத்தார்கள். அதனால் எட்டாம் வகுப்புக் குழுவில் திருப்பூர்ப் பனியன் கம்பெனிச் சித்தப்பா, கம்பத்தில் வாழைமண்டி வைத்திருக்கும் மாமா, சென்னையில் காவலாளியாக இருக்கும் அண்ணன் என நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். திரிஷாவின் இடத்தில் இருந்தவர், புளியமரத்தில் அவள் வைத்திருந்த கைபேசிக்குச் சொந்தக்காரரும், பிறகு மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குத் திரும்பிப் போனவருமான அவள் தாய்மாமன். சுரேஷ்கண்ணன் நாள்தோறும் காலையில் யாரோ எப்போதோ எடுத்த ஒரு காணொளியின் இணைப்பைக் குழுவில் போடுவார். குழுவினர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். லிங்கேஸ்வரன் கட்டைவிரல்களை எண்ணி வருகைப்பதிவேட்டில் ஏற்றுவார். ஒரு விரல், ஒரு மாணவர். கொரோனா காலத்தில் அந்தப் பள்ளியின் வருகை விழுக்காடு அதற்கு முன் எந்த ஆண்டிலும் இல்லாத உயரத்துக்குப் போனது.

"டீச்சர், நீங்களும் ஒரு லிங்க் போடுங்க. ரெண்டு நிமிசம். நான் பல்லு வெளக்கும்போதே போட்டுருவேன்," என்றார் சுரேஷ்கண்ணன். அவர் கெட்ட மனிதர் அல்லர். அவசரமில்லாதவர்.

"பிள்ளைக பாக்குறாகளா சார்?"

"பாக்காமலா வெரல் வருது?"

ஜூலை 26, திங்கட்கிழமை, இந்த இரண்டு முறைகளும் தத்தம் வழியில் உச்சத்தைத் தொட்டன.

அன்று காலை ஏழு ஐம்பதுக்கு சுரேஷ்கண்ணன், தேவதானப்பட்டியில் காலமான தம் பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரிய அறிவிப்பை, குடும்பக் குழுவில் போடுவதற்குப் பதிலாக எட்டாம் வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார். மாலை போட்ட படம், நேரம், இடம், மதிய உணவு உண்டு என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. இரண்டு பேர் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவர் அழும் முகம் போட்டார். லிங்கேஸ்வரன் எண்ணினார். வருகை முப்பத்தெட்டு, வராதவர் மூவர். அறிவிப்பைப் படித்துப் பார்த்த மூன்று பேருக்கும் அன்று விடுப்பு விழுந்தது. கும்பிட்ட இருவரில் ஒருவர் திரிஷாவின் தாய்மாமன். சாராள் அந்தத் திரையைப் படமெடுத்து, இரண்டு படி அச்சிட்டு, கட்டில் சேர்த்தார்.

பள்ளிக்கு வராதவளாகக் குறிக்கப்பட்ட அதே திங்கட்கிழமை, திரிஷா தன் வீட்டுப் பால் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். தசம எண்களும் சராசரியும் அந்த மாதப் பாடம். அட்டையில் உள்ள டிகிரியை நாள்வாரியாக வரைபடத்தாளில் குறித்து, காரணம் ஒரு வரியில் எழுத வேண்டும் என்பது கேள்வி. திரிஷாவின் கோடு இருபத்தெட்டு, இருபத்தெட்டரை என்று நேராகப் போனது; வெள்ளிக்கிழமை வந்ததும் இருபத்தாறுக்கு இறங்கியது; சனிக்கிழமை ஏறிக்கொண்டது. ஜூன் கடைசியிலிருந்து ஐந்து வெள்ளிக்கிழமைகள், ஐந்து பள்ளங்கள். காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியது: 'வெள்ளிக்கிழமை அம்மா சாமிக்கு அரை லிட்டர் எடுத்து வைப்பார்கள். அந்த அரை லிட்டருக்குத் தண்ணீர்.'

அந்தத் தாள் சரியென்று குறிக்கப்பட்டு, பத்துக்குப் பத்து மதிப்பெண்ணுடன் பாலோடு திரும்பிப் போனது. ஆனால் கட்டில் சேர வரவில்லை. அடுத்த தாளின் ஓரத்தில் திரிஷா சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: 'டீச்சர், அந்த வரைபடத்தை அம்மா அடுப்பில் போட்டுவிட்டார்கள்.' சாராள் அந்த வரிசை எண்ணுக்கு நேரே 'அடுப்பு' என்று குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் முடிந்ததும் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பாடவாரியாக, இணையவழி வருகை எத்தனை? கணிதம் என்ற வரிசையில் ஒரு கட்டைவிரலும் இல்லை. சுழியம் வந்தால் காரணம் எழுத வேண்டும் என்று படிவம் கேட்டது. காரணம் சிவப்பு மையில் கிடைத்தது.

"நீங்க நடத்துனீகளா இல்லையாங்குறது எனக்குத் தெரியும், டீச்சர்," என்றார் லிங்கேஸ்வரன், பதிவேட்டை அவர் பக்கம் தள்ளியபடி. "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? மேல கேக்குறது ஸ்கிரீன்ஷாட்டு."

"எழுபது நாளுக்கும் சொசைட்டி சீல் இருக்கு சார்."

"அதுல பசுமாடு இருக்கு. பசுமாடு போட்ட சீல நான் மேல அனுப்புனா, என்னைய எங்கன அனுப்புவாக?"

சாராள் விசாரணை கோரி மனு கொடுத்தார். நவம்பர் முதல் தேதி பள்ளி திறந்தது. பத்தாம் தேதி, புதன்கிழமை மாலை நான்கரை மணிக்கு விசாரணை நடந்தது. குற்றம் சாட்டியவரும் லிங்கேஸ்வரன், விசாரித்தவரும் லிங்கேஸ்வரன். தொற்றுக் காலத்தில் கூட்டம் சேரக்கூடாது என்பதால் இரு பொறுப்புகளும் ஒருவரிடமே தரப்பட்டதாகக் குறிப்பில் உள்ளது. நடவடிக்கைகளை எழுத சுரேஷ்கண்ணன் அமர்த்தப்பட்டார். கருத்தக்கண்ணன் சாட்சி.

இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று தாள்களும் ஏழு கட்டுகளாக மேசை மேல் இருந்தன. லிங்கேஸ்வரன் ஒரு கட்டை எடுத்துக் கனம் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களே வீட்டுல ஒக்காந்து எழுதியிருக்கலாம்னு மேல சொல்லுவாக, டீச்சர்."

"நாப்பத்தொரு பேரு கையெழுத்துலயா சார்?"

"முடியாதுன்னு எங்கனயும் எழுதிவைக்கலையே."

கருத்தக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "சீல் நான் வச்சது சார். தெனமும் வச்சேன். கையி நீலமாப் போச்சு."

"நீங்க பாலுக்குச் சாட்சி சொல்லலாம், செயலாளரே. பாடத்துக்குச் சொல்ல முடியாது." சுரேஷ்கண்ணன் அதை எழுதினார்.

அப்போது கதவருகே ஒரு பெண் வந்து நின்றார். திரிஷாவின் அம்மா பஞ்சம்மாள். யாரும் அழைக்கவில்லை. மாலைப் பாலை ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு நேராக வந்திருந்தார். பின்னால் திரிஷா.

"உள்ள வரலாமா சார்? டீச்சரு பாடமே நடத்தலன்னு எழுதியிருக்காகன்னு எம்மக சொன்னா."

"இது ஆபீஸ் விசாரணைம்மா."

"ஆபீஸ்தான வந்துருக்கேன்." பஞ்சம்மாள் இடுப்பிலிருந்து மடித்த ஒரு தாளையும் பால் அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். தாள் நான்காக மடிந்து, மடிப்பில் எண்ணெய் ஏறியிருந்தது. சாராளுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவருடைய கை தன்னிச்சையாக வரிசை எண்ணைத் தேடியது.

"அடுப்புல போட்டேன்னு சொன்னீக," என்றாள் திரிஷா.

"போடத்தேன் போனேன், ஆத்தா. பத்துக்குப் பத்துன்னு போட்டிருந்துச்சு. கையி வரல. அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சேன்." பிறகு லிங்கேஸ்வரனைப் பார்த்தார். "நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பால்ல தண்ணி ஊத்துனேன் சார். வீட்டுல யாருக்கும் தெரியாது. எம்மக அட்டையப் பாத்துக் கோடு போட்டுக் கண்டுபிடிச்சிட்டா. இந்தத் தாள யாரு சார் பொய்யா எழுதுவா? இதுல போறது எம் மானம். பாடம் நடத்தாமலா இந்தப் பிள்ள இதக் கண்டுபிடிச்சா?"

தண்ணீர் கலந்ததற்காகப் பஞ்சம்மாளின் பால் அட்டையை நிறுத்தக்கூடியவர் கருத்தக்கண்ணன். அவர் முன்னிலையிலேயே இது சொல்லப்பட்டது. அவர் கூரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் பஞ்சம்மா," என்றார் மெதுவாக. "கொழா பொய் சொல்லாது. சாமிக்குத்தான எடுக்கீகன்னு விட்டுட்டேன்." பிறகு அட்டையை எடுத்து விரலை ஓட்டினார். "சார், இதப் பாருங்க. ஜூலை முப்பது வெள்ளிக்கெழம, டிகிரி இருபத்தெட்டு. அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கூட எறங்கல."

"பிள்ளைக்கித் தெரிஞ்சப்பறம் எப்படி ஊத்துறது?" என்றார் பஞ்சம்மாள். "அந்த அர லிட்டரக் கொறச்சுக் கொண்டாந்தேன்."

சாராள் அப்போதுதான் வாய் திறந்தார். படிவத்தின் மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாப் பாடங்களுக்கும் அது வெறுமையாக இருந்தது.

"சார், இந்தக் கட்டத்துல எழுதுறதுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்கு. தேதி ஜூலை முப்பது. சான்று பால் அட்டை." அதற்கு மேல் அவர் வைத்தது இன்னொரு தாள்: ஜூலை 26-இன் திரைப்பிடிப்பு. "அன்னைக்குத் திரிஷா வரலன்னு பதிஞ்சிருக்கு. வந்திருக்குன்னு பதிஞ்ச முப்பத்தெட்டுப் பேரும் என்ன படிச்சாகன்னு இதுல இருக்கு."

சுரேஷ்கண்ணன் எட்டிப் பார்த்தார். பேனா நின்றது. "பெரியப்பா," என்றார்.

"இதயும் எழுதுங்க சார்," என்றார் சாராள்.

சுரேஷ்கண்ணன் எழுதவில்லை. லிங்கேஸ்வரன் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "படிவத்துல எத்தன பேருன்னுதான் கேட்டுருக்காக, டீச்சர். எதப் பாத்தாகன்னு கேக்கல," என்று சொல்லி விசாரணையை முடித்தார். பஞ்சம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டார். தாளை வாங்கவில்லை.

"அது டீச்சர்கிட்டயே இருக்கட்டும். நான் வச்சிருந்தா இன்னொரு நாளு கை வந்துரும்."

நவம்பர் 17 அன்று முடிவு வந்தது. 'பாலில் நீர் கலந்தது தொடர்பான சாட்சியம் பள்ளியின் வரம்புக்கு உட்பட்டதன்று. கணித ஆசிரியையின் பணிப்பதிவேட்டில் உள்ள பதிவு நிலைக்கிறது.' அன்று வீட்டுக்குப் போன சாராள், கட்டுகளை அவிழ்த்து, வெகுநாளாக விட்டிருந்த இடைவெளியில் எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளைச் செருகினார். 'அடுப்பு' என்று எழுதியிருந்ததை அடித்து, 'அரிசிப் பானை. பெறப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். எண்ணிக்கை சரியாகிவிட்டது. சரியாகாதது ஒரே ஒரு வரி. அதற்காக நவம்பர் 22, திங்கட்கிழமை, பள்ளித் தாளாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சல் ஒன்று போனது. இணைப்புகள் நீங்கலாக, அதன் வாசகம் வருமாறு:

'ஐயா, என் பணிப்பதிவேட்டில் 18.10.2021 அன்று எழுதப்பட்ட வரி உண்மைக்கு மாறானது. அதை நீக்கும்படி கேட்கிறேன். நீக்க இயலாது என்று தாங்கள் கருதினால், 26.07.2021 அன்று எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டு மாணவர் கற்றதாகத் தங்கள் பள்ளி பதிவுசெய்திருக்கும் பாடம் எது, அது பாடநூலின் எந்தப் பக்கத்தில் உள்ளது, அன்று வராதவளாகக் குறிக்கப்பட்ட மாணவி திரிஷா இத்துடன் இணைத்துள்ள வரைபடத்தை எந்த வகுப்பில் கற்று வரைந்தாள் என்ற மூன்றையும் தெரிவிக்கவும். வாய்மொழியாகவோ, கட்டைவிரல் குறியாகவோ வரும் பதில் ஏற்கப்படமாட்டாது. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள், தேதியும் கையொப்பமும் இட்டு, எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.'